ஆறு வரியில ஒரு பட்டன்: லாம்டாவும் நம்ம காப்பி பேஸ்ட் பொழப்பும்

டிஸ்கி: பொட்டி தட்டுறவங்களுக்காக எழுதினது. மத்தவங்களும் தாராளமா படிக்கலாம். நடுவுல கொஞ்சம் கோடு வரும், அதை மட்டும் தாண்டி குதிச்சு போயிடுங்க. கதை புரியும்.

"தம்பி, நான் அமுக்கினேன். சேமிச்சாச்சுன்னு அதுவே சொல்லிச்சு. அதுக்கு மேல நான் என்ன பண்ணணும் சொல்லுங்க?"

2022-ல ஒரு சாயங்காலம் போன்ல ஒரு அக்கா என்கிட்ட கேட்ட கேள்வி இது. அவங்க வேலை பாக்குறது ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில. மெடிக்கல் ஷாப்காரங்க திருப்பி அனுப்புற காலாவதி மருந்தை எல்லாம் வாங்கி, கணக்குல ஏத்துறது அவங்க வேலை. அதுக்குன்னு தனியா ஒரு கம்ப்யூட்டர். அந்த கம்ப்யூட்டர்ல ஓடுறது நாங்க பராமரிக்கிற சாஃப்ட்வேர். ஜாவா, ஸ்விங். "இன்னுமா ஸ்விங்?"னு சிரிக்காதீங்க. நம்ம ஊர்ல பில் போடுற கடைகளுக்குள்ள எட்டிப் பாருங்க, தெரியும்.

பிரச்சனை என்னன்னா, பதினோரு நாள்ல 43 ரிட்டர்ன் என்ட்ரி காணோம். மருந்து அலமாரியில இருக்கு, கணக்குல இல்ல. கடைக்காரங்க போன் பண்ணி "எங்க ரிட்டர்னை ஏன் கழிக்கல?"ன்னு சத்தம் போடுறாங்க. முதலாளி நேரா அந்த அக்காவைப் புடிச்சிட்டார். "என்ட்ரி போடாம தூங்கிட்டு இருந்திருக்க, சம்பளத்துல புடிப்பேன்" அப்படின்னுட்டார்.

அக்கா பொய் சொல்லல. பட்டனை அமுக்கியிருக்காங்க. திரையில "சேமிக்கப்பட்டது"ன்னு வந்திருக்கு. சேமிக்கப்படல. பொய் சொன்னது எங்க கோடு.

இந்தக் கதைக்கும் ஜாவா லாம்டாவுக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்குங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவே.

முதல்ல கொஞ்சம் வரலாறு

ஜாவாவுல ஒரு பட்டனை அமுக்கினா ஏதாவது நடக்கணும்னா, அந்த பட்டன்கிட்ட ஒரு "லிசனர்" குடுக்கணும். 1997-ல வந்த ஜாவா 1.1-லேருந்து இதுதான் வழி. அதே 1.1-லதான் பேர் இல்லாத உள் கிளாஸ் எழுதுற வசதியும் வந்துச்சு. ரெண்டும் சேர்ந்து வந்த ஜோடி. அதுக்கப்புறம் ஸ்விங்ல எழுதின எல்லாரும் கீழே இருக்குற மாதிரிதான் எழுதினோம். (தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், கம்பைலர்ல போட்டுட்டு என்னைத் திட்டாதீங்க. ஆனா ஒண்ணு, ஜாவாவுல வேரியபிள் பேரை நிஜமாவே தமிழ்ல வெக்கலாம். மொழியோட சொந்த வார்த்தைகள் மட்டும்தான் ஆங்கிலத்துல இருக்கணும்.)

சேமிப்பட்டன்.ஆட்ஆக்‌ஷன்லிசனர்(நியூ ஆக்‌ஷன்லிசனர்() {
    @ஓவர்ரைடு
    பப்ளிக் வாய்ட் ஆக்‌ஷன்பெர்ஃபார்ம்டு(ஆக்‌ஷன்ஈவென்ட் நி) {
        சேமி();
    }
});

ஆறு வரி. இதுல நான் சொல்ல வந்த விஷயம் எத்தனை வரி? ஒண்ணே ஒண்ணு. "சேமி". மிச்சம் அஞ்சு வரியும் கல்யாணப் பத்திரிகையில வர்ற "நிகழும் மங்களகரமான" மாதிரி. யாரும் படிக்கிறதில்ல, ஆனா போடாமலும் இருக்க முடியாது.

2014 மார்ச்ல ஜாவா 8 வந்துச்சு. லாம்டா வந்துச்சு. அதே விஷயம் இப்போ:

சேமிப்பட்டன்.ஆட்ஆக்‌ஷன்லிசனர்(நி -> சேமி());

அவ்ளோதான். ஆக்‌ஷன்லிசனர்ங்கற இன்டர்ஃபேஸுக்குள்ள எழுதவேண்டிய மெத்தட் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதனால "நீ எந்த மெத்தடை எழுதுற?"ன்னு கம்பைலர் கேக்க வேண்டிய அவசியமே இல்ல, அதுவே கண்டுபுடிச்சுக்கும். எழுதவேண்டிய மெத்தட் ஒண்ணு மட்டும் இருக்குற எந்த இன்டர்ஃபேஸுக்கும் இது செல்லும்.

இதுல கூத்து என்னன்னா, லாம்டாங்கற யோசனை ஒண்ணும் புதுசு இல்ல. அலோன்ஸோ சர்ச்ங்கற கணித மேதை 1930-கள்லயே காகிதத்துல போட்டு வெச்சது. லிஸ்ப் மொழி 1950-களோட கடைசியில அந்தப் பேரை எடுத்துக்கிச்சு. நம்ம பக்கத்து வீட்டு சி ஷார்ப்புக்கு 2007-ல வந்துடுச்சு. ஜாவாவுல பல வருஷம் அடிதடி விவாதம் நடந்து, 2011-ல வந்த ஜாவா 7-லயும் வராம, பிரையன் கெட்ஸ் தலைமையில ஒரு குழு உக்காந்து வேலை பாத்து கடைசியா 8-ல வந்து சேர்ந்துச்சு.

என் கட்சி என்னன்னா

லாம்டா பத்தி யாரு எழுதினாலும் இந்த ஆறு வரி, ஒரு வரி கணக்கோட நிறுத்திடுவாங்க. "பாத்தீங்களா, அஞ்சு வரி மிச்சம்!" நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். 2019-ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எடிட்டர்ல மஞ்சள் கோடு காட்டுற இடத்துல எல்லாம் ஒரு ஷார்ட்கட்டைத் தட்டி, பழைய உள் கிளாஸ் எல்லாத்தையும் லாம்டாவா மாத்தினேன். ஒரே நாள்ல ஆயிரம் வரிக்கு மேல குறைஞ்சுது. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன் :-)

அது எல்லாம் சும்மா பெயின்ட் அடிச்ச வேலைன்னு எனக்குப் புரிய மூணு வருஷம் ஆச்சு. புரிய வெச்சது அந்த அக்கா.

வரி குறையறது பெரிய விஷயமே இல்லைங்க. எடிட்டரே அந்த அஞ்சு வரியையும் எழுதிக் குடுத்துடும், நமக்கு விரல் கூட வலிக்காது. நிஜமான ஆபத்து, ஒரே மாதிரி இருக்குற கோடு. முப்பது இடத்துல ஒரே மாதிரி இருந்தா, முப்பத்தோராவது இடத்துல லேசா வித்தியாசமா இருக்குறது கண்ணுக்குத் தெரியாது. கண்ணு அதைத் தாண்டிப் போயிடும். பொய் சொல்ற கோடு ஒளிஞ்சுக்கிற இடமே அதுதான்.

எங்க கோடு எப்படிப் பொய் சொல்லிச்சு

ஸ்விங்ல திரையைக் கவனிச்சுக்க ஒரே ஒரு த்ரெட்தான். பட்டன் அமுக்கறது, எழுத்து வரையறது எல்லாமே அதுதான். அந்த த்ரெட்ல போய் டேட்டாபேஸ் வேலையைச் செஞ்சா, முடியற வரைக்கும் திரை உறைஞ்சு நிக்கும். அதனால ஸ்விங்வொர்க்கர்னு ஒண்ணு இருக்கு, 2006 டிசம்பர்ல ஜாவா 6-ல வந்தது. "டூஇன்பேக்ரவுண்ட்"னு ஒரு மெத்தட், அதுல கனமான வேலை. "டன்"னு இன்னொரு மெத்தட், வேலை முடிஞ்சதும் திரையில என்ன காட்டணுமோ அது.

இதுல ஒரு குழி இருக்கு. பின்னணி வேலையில ஏதாவது வெடிச்சாலும் "டன்" கண்டிப்பா கூப்பிடப்படும். வெடிச்சுதா இல்லையான்னு தெரியணும்னா, "டன்"க்குள்ள "கெட்"னு ஒரு மெத்தடை நாமதான் கூப்பிடணும். கூப்பிட்டா பிழை வெளிய வரும். கூப்பிடலைன்னா? பிழை சத்தமே இல்லாம செத்துப் போயிடும். திரையில வராது. லாக்ல கூட வராது.

எங்க சாஃப்ட்வேர்ல இந்த ஸ்விங்வொர்க்கர் துண்டு 34 இடத்துல இருந்துச்சு. ஒவ்வொண்ணும் இருபத்தஞ்சு வரிக்கு மேல. பட்டனை அணை, கர்சரை மாத்து, வேலையைச் செய், கெட்டைக் கூப்பிடு, பிழை வந்தா காட்டு, பட்டனைத் திரும்ப எழுப்பு. எவனோ ஒருத்தன் முதல் திரையில எழுதினான். அடுத்தவன் காப்பி அடிச்சான். நானும் ரெண்டு மூணு இடத்துல காப்பி அடிச்சிருக்கேன், மறைக்க விரும்பல.

33 இடத்துல கெட் இருந்துச்சு. ரிட்டர்ன் திரையில மட்டும் இல்ல. சேமிச்ச எண் அங்க தேவைப்படல போல, அதனால எவனோ அந்த வரியை அழிச்சிட்டான். அது வெறும் எண்ணைக் கொண்டு வர்ற வரின்னு நினைச்சிருப்பான். பிழையைக் கொண்டு வர்ற வரியும் அதுதான்னு அவனுக்குத் தெரியல.

அந்த அக்காவோட கம்ப்யூட்டருக்குப் போற நெட்வொர்க் கேபிள் லூஸா இருந்திருக்கு. மதியம் எப்பவாவது ஒரு தடவை கழண்டு ஒட்டும். ஒட்டினாலும் டேட்டாபேஸ் இணைப்பு செத்தது செத்ததுதான், அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் போடற எல்லா ரிட்டர்னும் காத்துல போயிடும். திரை மட்டும் ஒவ்வொரு தடவையும் "சேமிக்கப்பட்டது"ன்னு பல்லிளிக்கும். அடுத்த நாள் காலைல புதுசா திறந்தா எல்லாம் சரியா ஓடும். பில் போடற கம்ப்யூட்டரா இருந்தா மத்த திரைகள்ல பிழை வந்து அப்பவே தெரிஞ்சிருக்கும். இது ரிட்டர்னுக்குன்னே இருக்குற கம்ப்யூட்டர். அந்த ஒரு திரையைத் தவிர வேற எதையும் அவங்க திறக்குறதே இல்ல.

நல்ல வேளை, அக்கா ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் கையால சீட்டு எழுதி கார்பன் காப்பி வெச்சிருந்தாங்க. அந்த கார்பன் காப்பிதான் அவங்க வேலையைக் காப்பாத்துச்சு. எங்க சாஃப்ட்வேர் இல்ல. முதலாளிகிட்ட நான் போன்ல "தப்பு எங்களோடது சார், அவங்க மேல ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னேன். நம்பினாரான்னு அப்போ தெரியல, சம்பளம் மட்டும் புடிக்கல. 43 சீட்டையும் வெச்சு திரும்ப என்ட்ரி போட்டாங்க.

லாம்டா இங்கதான் வருது

அன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வரி சேர்த்து அந்தத் திரையைச் சரி பண்ணியாச்சு. என் லீட் "முடிஞ்சுதுல்ல, அடுத்த ஆணியைப் பாரு"ன்னார். எனக்கு மனசு கேக்கல. 34 இடத்துல இருக்குற ஒரு விஷயம் ஒரே இடத்துல இருந்திருந்தா இது நடந்தே இருக்காதே?

அப்போ எழுதினதுதான் இது. "பின்னணியில்"னு ஒரு மெத்தட். அதைக் கூப்பிடற விதம்:

பின்னணியில்(சேமிப்பட்டன்,
    () -> கணக்கில்எழுது(ரிட்டர்ன்),
    எண் -> செய்தி("சேமிச்சாச்சு, எண் " + எண்));

முதல்ல எந்த பட்டன். ரெண்டாவது, பின்னணியில என்ன செய்யணும். மூணாவது, நல்லபடியா முடிஞ்சா என்ன காட்டணும். பட்டனை அணைக்கிறது, கெட் கூப்பிடறது, பிழையைக் காட்டறது, பட்டனை எழுப்பறது எல்லாம் அந்த மெத்தடுக்குள்ள ஒரே ஒரு தடவை இருக்கு. இனிமே எவனும் கெட்டை மறக்க முடியாது. மறக்கறதுக்கு அங்க அது இருந்தாத்தானே? பிழை வந்தா மூணாவது லாம்டா ஓடவே ஓடாது. அதாவது, சேமிக்காம "சேமிச்சாச்சு"ன்னு சொல்ற கோடை இந்த முறையில தெரியாத்தனமா எழுத வழியே இல்ல.

ஒரு சின்ன நுணுக்கம்: ரெண்டாவது லாம்டாவுக்கு கால்லபிள்ங்கற இன்டர்ஃபேஸைப் பயன்படுத்தினேன். ரன்னபிள் இல்ல. ஏன்னா டேட்டாபேஸ் வேலை எஸ்க்யூஎல் பிழையை எறியும், ரன்னபிள் அந்த மாதிரிப் பிழையை வெளிய விடாது. விடாததால லாம்டாவுக்குள்ளயே ட்ரை கேட்ச் போடுவோம், போட்டா மறுபடியும் 34 இடத்துல காப்பி. கால்லபிள் எந்தப் பிழையையும் வெளிய விடும்.

"இதை லாம்டா இல்லாமலே பண்ணியிருக்கலாமே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கால்லபிள் ஜாவா 5-லயே இருக்கு. பண்ணியிருக்கலாம். ஆனா கூப்பிடற ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு பேரில்லா கிளாஸ், தலைக்கு அஞ்சாறு வரி. மிச்சம் பண்றதை விட எழுதறது அதிகம். அதனால யாரும் பண்ணல, காப்பி அடிச்சாங்க. சோம்பேறித்தனம்னு அவங்களைத் திட்ட மாட்டேன். நல்ல வழி மேடா இருந்து, கெட்ட வழி பள்ளமா இருந்தா தண்ணி எங்க போகும்? லாம்டா அந்த மேட்டை வெட்டி விட்டுச்சு. அதோட நிஜப் பெருமை அதுதான்.

இன்னொரு உதாரணம். தேடற பெட்டியில எழுத்து மாறினா பட்டியலை வடிகட்டணும். அதுக்கு டாகுமென்ட்லிசனர். அதுல மூணு மெத்தட்: எழுத்து சேர்ந்தா, எழுத்து போனா, ஸ்டைல் மாதிரி மத்த குணம் மாறினா. மூணுலயும் நாம எழுதறது அதே "வடிகட்டு". மூணு மெத்தட் இருக்குறதால நேரா லாம்டா போட முடியாது. இங்க பலரும் "லாம்டா வேலைக்காகாது"ன்னு விட்டுடறாங்க. ஒரு சின்ன கிளாஸ் எழுதுங்க, அந்த மூணு மெத்தடும் ஒரே ரன்னபிளைக் கூப்பிடட்டும். அப்புறம் எல்லா இடத்துலயும் மாறினால்(பெட்டி, () -> வடிகட்டு()), அவ்ளோதான். அஞ்சு மெத்தட் இருக்குற மவுஸ்லிசனருக்கும் இதே வைத்தியம்தான்.

எதிர்க்கட்சிக்கும் மைக் குடுப்போம்

என் லீட் சொன்னது: "ஓடற கோடுல கை வெக்காத. 34 திரையையும் மறுபடி டெஸ்ட் பண்ண கிளையன்ட் காசு குடுப்பானா?" ரெண்டு வாரம் சண்டை. அவர் சொன்னதுலயும் உண்மை இருக்கு. எங்ககிட்ட தானியங்கி டெஸ்ட் எதுவும் கிடையாது. ஒரே நாள்ல 34 இடத்தையும் மாத்தி, நானே முப்பத்தஞ்சாவது தப்பைப் பண்ணியிருந்தா? கடைசியில ஒரு சமாதானம்: வேற ஏதாவது வேலைக்காக ஒரு திரையைத் திறந்தா மட்டும், அப்போ அதையும் மாத்தறது. எட்டு மாசத்துல 29 திரை மாறிச்சு. அப்படி மாத்தும்போது மூணு இடத்துல கெட் இருந்தும் கேட்ச்சுக்குள்ள காலியா இருந்ததைக் கண்டுபுடிச்சோம். அங்க பிழை வந்தா பொய் சொல்லாது, ஆனா ஊமையா இருக்கும். அதுக்கப்புறம் லீட் சண்டை போடல.

லாம்டா எல்லாத்துக்கும் சர்வரோக நிவாரணின்னும் சொல்ல மாட்டேன். நான் அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டது சில:

ஒண்ணு, இருபது வரி லாம்டா எழுதாதீங்க. பிழை வந்தா ஸ்டாக் ட்ரேஸ்ல "லாம்டா, டாலர், சைபர்" மாதிரி ஒரு பேர்தான் வரும், ஒண்ணும் புரியாது. பெருசா இருந்தா பேர் வெச்ச மெத்தடா பிரிச்சு, லாம்டாவுல இருந்து அதைக் கூப்பிடுங்க.

ரெண்டு, லிசனரைப் பின்னாடி நீக்கணும்னா அதை ஒரு வேரியபிள்ல வெச்சுக்கோங்க. சேர்க்கும்போது ஒரு லாம்டா, நீக்கும்போது அதே மாதிரி இன்னொரு லாம்டா எழுதினா ரெண்டும் வேற வேற ஆப்ஜெக்ட். பாக்க இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தாலும் ஜாவாவுக்கு வேற ஆள். பழசு நீங்கவே நீங்காது.

மூணு, "திஸ்"ங்கற வார்த்தை. பேரில்லா கிளாஸுக்குள்ள அது லிசனரைக் குறிக்கும், லாம்டாவுக்குள்ள வெளிய இருக்குற கிளாஸைக் குறிக்கும். கையால மாத்தறப்போ கவனம்.

நாலு, வெளிய இருக்குற லோக்கல் வேரியபிளை லாம்டாவுக்குள்ள மாத்த முடியாது. சில பேர் ஒரு உறுப்பு இருக்குற அரே வெச்சு ஏமாத்துவாங்க. பின்னணி த்ரெட்ல ஓடற லாம்டாவுல அந்த வித்தையைக் காட்டினா ஒரு நாள் வாங்கிக் கட்டிக்குவீங்க.

முடிவா

இன்டர்வியூல "லாம்டான்னா என்ன?"ன்னு கேட்டா "வரியைக் குறைக்கும்"னு சொல்ற பசங்களைப் பாக்குறேன். நானும் அதே பதிலைச் சொல்லித்தான் வேலைக்கு வந்தேன். இப்போ என்னைக் கேட்டா, செய்ய வேண்டிய வேலையையே ஒரு பொருளா இன்னொரு மெத்தட் கையில குடுக்கற வசதின்னு சொல்லுவேன். அப்படிக் குடுக்க முடிஞ்சா, சுத்தி இருக்குற சடங்கு எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். ஒரே இடத்துல இருந்தா தப்பும் ஒரே இடத்துல இருக்கும். அதைத் திருத்தினா எல்லா இடத்துலயும் திருந்தும்.

அதனால அடுத்த தடவை எடிட்டர் மஞ்சள் கோடு போட்டு "லாம்டாவா மாத்தட்டுமா?"ன்னு கேட்டா, மாத்துங்க. மாத்திட்டு அங்கயே நிக்காதீங்க. பக்கத்துல அதே மாதிரி இன்னும் எத்தனை இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

நாம காப்பி அடிச்ச இருபத்தஞ்சு வரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உக்காந்திருக்காங்க. திரையில "சேமிக்கப்பட்டது"ன்னு வந்தா அவங்க நம்புவாங்க. நம்பறதைத் தவிர அவங்களுக்கு வேற வழியும் இல்ல.

பி.கு: அந்த அக்கா இன்னும் கார்பன் காப்பி வெக்கிறாங்களாம். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல தம்பி, இருந்தாலும்..."னு சிரிச்சாங்க. அந்த "இருந்தாலும்" எங்களுக்குத் தேவைதான்.

வரட்டா!